வழக்குத் தலைப்பில் தமிழர் பெயர்: கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு நீதிமன்ற ஆவணங்களைப் படித்தல்

முன்னுரை

நீதிமன்றத்தில் பதிவாகும் எந்த ஆவணத்திலும் முதற்பக்கத்தின் மேற்பகுதியில் சில வரிகள் மாறாத ஒழுங்கில் அமைந்திருக்கும். வழக்கு எந்த நீதிமன்றத்திற்குரியது, அதன் எண் யாது, அது யாருக்கிடையே நடைபெறுகிறது, அவர்கள் எந்நிலையில் வழக்காடுகின்றனர் என்பனவற்றை அவ்வரிகள் தெரிவிக்கும். இப்பகுதியை ‘வழக்குத் தலைப்பு’ என்று இக்கட்டுரை குறிக்கிறது. வழக்கறிஞர்கள் இதனை நாள்தோறும் எழுதிப் பழகியவர்கள். ஆதலின் இதில் ஆராய ஏதுமில்லை எனக் கருதுவர். வரலாற்றாய்வாளரோ இதனைக் கடந்து நேரே தீர்ப்பின் உரைக்குச் சென்றுவிடுகின்றனர்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் நிலம், மரபுரிமை, கடன், மணவுறவு ஆகியவை தொடர்பான பழைய நீதிமன்றத் தாள்கள் பெட்டிகளில் கிடப்பதுண்டு. அவற்றைத் தமிழாசிரியரிடம் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்போரும் உளர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் எளிய வினாவே: ‘இதில் எங்கள் தாத்தா வழக்குத் தொடுத்தவரா, அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டதா?’ இவ்வினாவுக்குத் தவறான விடை கூறிவிட்டால் ஒரு குடும்பத்தின் நினைவே திரிந்துவிடும். நீதிமன்ற மரபையும் தமிழர் பெயரிடும் மரபையும் ஒருங்கே அறிந்தாலன்றி வழக்குத் தலைப்பைச் சரியாகப் படிக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்றை மட்டும் அறிந்தவர் பிழைபடும் இடங்களைச் சில வழக்குகளின் துணைகொண்டு இக்கட்டுரை சுட்டிக்காட்டுகிறது.

தலைப்பின் உறுப்புகள்

தலைப்பின் முதல் உறுப்பு நீதிமன்றத்தின் பெயர். ஆண்டு அழிந்துபோன தாளுக்கும் இதனைக்கொண்டு ஓரளவு காலம் கணிக்கலாம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஐக்கிய மலாய் மாநிலங்களாக 1896இல் இணைந்து, கோலாலம்பூர் அவற்றின் தலைநகராயிற்று. போருக்கு முந்திய கோலாலம்பூர் வழக்குத் தாள்களில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் உச்ச நீதிமன்றம் என்ற பெயரைக் காணலாம். இங்கு ‘உச்ச’ என்ற சொல் வாசகரை மயக்கக்கூடியது. அந்நாளில் அது மேல்முறையீட்டு அமர்வையும் முதல்நிலை விசாரணை அமர்வையும் ஒருங்கே உள்ளடக்கிய அமைப்பு. 1985 முதல் 1994 வரை ‘மஹ்கமா ஆகோங்’ எனப்பட்ட உச்ச நீதிமன்றமோ நாட்டின் இறுதி நீதிமன்றம். இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு உரிமையியல் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு 1985 ஜனவரி 1ஆம் நாள் முடிவுற்றதை ஒட்டி, அதுகாறும் கூட்டரசு நீதிமன்றமாக இருந்தது அப்பெயரைப் பெற்றது. 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியே நிறுவப்பட்டபோது கூட்டரசு நீதிமன்றம் என்ற பழைய பெயர் மீண்டது. எனவே ‘உச்ச நீதிமன்றம்’ என்ற ஒரே பெயர் இரு காலங்களில் இரு வேறு அமைப்புகளைக் குறித்தது எனலாம்.

இரண்டாம் உறுப்பு வழக்கெண். இன்றைய எண்களின் முதலெழுத்து மாநிலத்தைக் காட்டும். வாகனப் பதிவெண்களில் பயின்றுவரும் எழுத்துகளே இங்கும் வருவதால் நினைவில் கொள்வது எளிது: கோலாலம்பூருக்கு டபிள்யூ, சிலாங்கூருக்கு பி, பேராக்குக்கு ஏ. அதனை அடுத்துவரும் இலக்கம் வழக்கின் வகையைக் கூறும். உயர் நீதிமன்றத்தில் 22 என்பது ரிட் அழைப்பாணையால் தொடங்கிய உரிமையியல் வழக்கு, 24 தொடக்க அழைப்பாணை, 25 நீதிமுறை மறுஆய்வு, 32 இறந்தவரின் சொத்து நிருவாகம், 33 மணமுறிவு. தீர்ப்பைப் படிக்கும் முன்னரே அது சொத்து நிருவாகமா, மணமுறிவா என்பதை இவ்விலக்கம் உணர்த்திவிடுகிறது.

மூன்றாவது, ‘டாலம் பெர்காரா’, அதாவது ‘இப்பொருளின்கண்’ எனத் தொடங்கும் பகுதி. இஃது எல்லா வழக்குகளிலும் வருவதன்று. தொடக்க அழைப்பாணைகளிலும் சொத்து நிருவாக மனுக்களிலும் தொடர்புடைய சட்டப் பிரிவு, நிலம், இறந்தவர் பெயர் முதலியன இங்கு இடம்பெறும். இறந்தவர் பெயருக்குப் பின் ‘சி மாத்தி’ என்ற சொல் வரும். இப்பகுதியில் வரும் பெயரை வழக்காடுபவரின் பெயராகக் கொள்வது முதற் பிழை.

நான்காவது, ‘அந்தாரா’, ‘டான்’ என்னும் சொற்களுக்கிடையே அமையும் தரப்பினர் பெயர்கள். விசாரணை நீதிமன்றத்தில் வாதியும் பிரதிவாதியும் எனவும், மேல்முறையீட்டில் மேல்முறையீட்டாளரும் எதிர்த்தரப்பினரும் எனவும் அவர்கள் குறிக்கப்படுவர். முதலில் நிற்பவர் எப்போதும் வழக்கைத் தொடுத்தவர் என எண்ணுவது இரண்டாம் பிழை. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற பிரதிவாதி மேல்முறையீடு செய்தால் அவர் பெயரே முன்வரும். தாத்தா வழக்குத் தொடுத்தவரா என்ற வினாவுக்கு மேல்முறையீட்டுத் தலைப்பு மட்டும் விடை தராது. கீழ் நீதிமன்றத் தலைப்பையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இவை யாவும் எழுதப்படும் மொழியும் மாறியுள்ளது. 1963/67ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் 1990இல் திருத்தப்பட்டபின், தீபகற்ப மலேசியாவில் நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் அமைய வேண்டும் என்பதே பொது விதியாயிற்று. நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் இசைவளிக்கலாம். ஆகவே மூன்று தலைமுறை கண்ட குடும்பத்தின் பெட்டியில் ஆங்கிலத் தலைப்பும் மலாய்த் தலைப்பும் கலந்திருப்பது இயல்பே. தமிழ்ப் பெயர்கள் இவ்விரு மொழிகளின் வழியாக, உரோமன் எழுத்திலேயே நம்மை வந்தடைகின்றன.

‘மகன்’, ‘மகள்’ என்னும் குறியீடுகள்

தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தன்பெயரை எழுதுவதே பெருவழக்கு. ஆங்கிலேய நிருவாகம் இம்முறையைத் தன் பதிவேட்டுக்கேற்ப மாற்றி, தன்பெயருக்குப் பின் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்னும் குறிகளை இட்டுத் தந்தை பெயரை முழுதாக எழுதியது. மலாய்மொழி ஆவணங்களில் இவை ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்பவற்றின் சுருக்கமாக ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ எனலாயின. சிங்கப்பூரில் பழைய ஆங்கிலக் குறிகளே இன்றும் பயில்கின்றன.

இருவகை மரபும் ஒரே தலைப்பில் மோதியதற்கு ஒரு சான்று காணலாம். மலேசியாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்று 1978இல் தீர்ப்பான ஒரு வழக்கு, ஊழியர் கையூட்டுப் பெற்றால் நிறுவனம் எதனை மீட்கலாம் என்பதற்கு இங்கிலாந்துச் சட்ட நூல்களிலும் இன்றுவரை மேற்கோளாக வருகிறது. அதன் தலைப்பில் மேல்முறையீட்டாளர் ‘டி. மகேசன் எஸ்/ஓ தம்பையா’ எனக் குறிக்கப்படுகிறார். முன்னெழுத்துத் தந்தை பெயரின் முதலெழுத்தே எனக் கொள்ளின், தந்தை இத்தலைப்பில் இருமுறை வந்துள்ளார்: முதலில் தமிழ் முறையில், பின்னர்ப் பதிவேட்டு முறையில். தமிழ் மரபு அறியாதவர் இம்முன்னெழுத்தைப் பெயரின் தனியுறுப்பாகவே கொள்வர். எனவே முன்னெழுத்தும் தந்தை பெயரும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தல் பெயர்களைச் சரிபார்க்க ஓர் எளிய வழியாகும்.

இக்குறியீடு பெண்களைப் பொறுத்தமட்டில் ஒரு நற்பயனை விளைத்துள்ளது. மணமான பின்னும் தமிழ்ப்பெண் தந்தை பெயரோடே பதிவாகிறாள். கணவன் வழி மட்டும் பேசும் குடும்பக் கதைகளில் மறைந்துபோகும் தாய்வழிப் பாட்டனாரின் பெயரை, ஒரு மணமுறிவு மனுவின் தலைப்போ சொத்து நிருவாக மனுவின் தலைப்போ காத்து வைத்திருக்கக் காணலாம்.

இக்குறிகள் சட்ட அறிக்கைகளில் ஒரே வகையாகப் பேணப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. 1932 முதல் வெளிவரும் ‘மலாயன் லா ஜர்னல்’ இக்குறிகளைத் தலைப்பில் நிறுத்துகிறது. ‘கரண்ட் லா ஜர்னல்’ நீக்கிவிடுகிறது. ஒரே வழக்கின் பெண் ஒருத்தி முன்னதில் இன்னாரின் மகள். பின்னதில் இரு பெயர்கள் அடுத்தடுத்து நிற்க, இரண்டாவது குடும்பப் பெயர்போலத் தோன்றும். மேற்கோள் காட்டும் ஆய்வாளர் எவ்வெளியீட்டிலிருந்து பெயரை எடுத்தார் என்பதைக் குறிக்காவிடின், அடுத்து வருவோர் இருவராகவே அவளை எண்ணிவிடக்கூடும்.

எழுத்துப்பெயர்ப்பால் நேரும் இடர் இதனினும் பெரிது. ல, ள, ழ ஆகிய மூன்றும் உரோமன் எழுத்தில் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. லட்சுமி ‘லெட்சுமி’யாகவும், பழனியப்பன் ‘பலனியப்பன்’ ஆகவும் எழுத்தரின் செவிக்கேற்பப் பதிவாகியுள்ளனர். நிலப்பட்டாவில் ஒரு வடிவமும் அடையாள அட்டையில் மற்றொரு வடிவமும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதைச் சத்தியக் கடிதத்தால் நிறுவ வேண்டிய நிலை வாரிசுகளுக்கு ஏற்படுகிறது. தலைப்பில் நேர்ந்த பெயர்ப்பிழை உண்மையான தவறாயின், காலவரம்பு கடந்த பின்னும் அதனைத் திருத்த நீதிமன்றம் இசைவளிக்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 20ஆம் ஆணை இடந்தருகிறது. ஆனால் பிழையென ஒருவர் உணர்ந்தாலன்றோ திருத்தம் கோர இயலும்?

விலாசமும் தலைமுறையும்

கோலாலம்பூரின் லெபோ அம்பாங் பகுதியில் கிட்டங்கிகள் அமைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், மலாயா வழக்குத் தலைப்புகளில் மிகுதியாகக் காணப்படுகின்றனர். கடனும் நில அடமானமும் அவர்களை நீதிமன்றத்திற்குக் கொண்டுவந்தன. அவர்கள் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் ‘விலாசம்’ எனப்படும். இச்சொல் இங்கு முகவரியைக் குறிப்பதன்று. தலைமுறைகளையும் தொழில் நிலையத்தையும் ஒருசேரக் காட்டும் குறியாகும்.

1962இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மலாயா வழக்கொன்றின் தலைப்பு ‘ஏ.ஆர்.பி.எல். பழனியப்ப செட்டியார் எதிர் பி.எல்.ஏ.ஆர். அருணாசலம் செட்டியார்’ என்பதாகும். 100 ஏக்கருக்கு மேல் இரப்பர் நிலம் வைத்திருந்தோர்க்குரிய கட்டுப்பாடுகளைத் தவிர்க்கும்பொருட்டுத் தந்தை 40 ஏக்கர் நிலத்தை மகன் பெயருக்கு மாற்றினார். பின்னர் அதனைத் திரும்பக் கோரினார். அரசை ஏமாற்றிய தம் நோக்கத்தைத் தாமே வெளிப்படுத்தினாலன்றித் தம் உரிமையை நிறுவ முடியாத நிலையில் இருந்த தந்தைக்கு நீதிமன்றம் உதவ மறுத்தது. இங்கிலாந்து, மலேசியச் சட்டக் கல்வியில் ‘செட்டியார் எதிர் செட்டியார்’ என இவ்வழக்கு இன்றும் பயிலப்படுகிறது.

சட்ட மாணவருக்கு இத்தலைப்பு வெறும் பெயரே. தமிழறிந்தவருக்கோ இது ஒரு குடிவழிப் பட்டியல். ஆங்கிலத் தலைப்பு எழுத்துகளை நான்காகப் பிரித்து நான்கு புள்ளி இட்டுள்ளது. தமிழில் அவை ‘அரு.’, ‘பழ.’ என இரண்டே. ஒன்று அருணாசலத்தையும் மற்றொன்று பழனியப்பரையும் சுட்டுவன எனக் கொள்ளலாம். ஒருவர் அரு.பழ. பழனியப்பர், மற்றவர் பழ.அரு. அருணாசலம். எழுத்துகள் இடம்மாறி நிற்பதிலிருந்து, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் இவ்விரு பெயர்களும் இக்குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் மாறிமாறி வந்தன என ஊகிக்கலாம். நான்கு எழுத்தை நான்கு முன்னோர் எனக் கொள்பவர் இல்லாத இரு முன்னோரைப் படைத்துவிடுவார்.

ஆயினும் இத்தலைப்பு ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. இருவரில் தந்தை யார், மகன் யார்? அருணாசலத்தின் மகன் பழனியப்பர் எனவும் படிக்கலாம். பழனியப்பரின் மகன் அருணாசலம் எனவும் படிக்கலாம். விலாசம் இரண்டிற்கும் இடந்தருகிறது. மேல்முறையீட்டுத் தலைப்பாதலால் முன்னிற்பவர் வழக்கைத் தொடுத்தவர் எனவும் துணிய இயலாது. தலைப்பு எதுவரை சான்றாகும், எங்கே தீர்ப்பின் உரையை நாட வேண்டும் என்னும் எல்லையை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஒரு வழக்கை விரிக்கிறது. முதியவர் காட்டிய ஆளோலையில் கண்ட ஆரூரன் என்ற பெயர் பாட்டனாருடையது. மணக்கோலத்தில் நின்ற பேரனும் ஆரூரனே. அவையோர் பெயரை மட்டும் கொண்டு முடிவுசெய்யாமல், பாட்டனார் கைச்சாத்திட்ட வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூறினர். ஓர் ஆவணத்தை இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் இம்முறையே வழக்குத் தலைப்பைப் படிப்பவர்க்கும் உரியது.

நகரத்தார் வழக்குகளில் மற்றுமொரு மயக்கமும் உண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, முகவரே கோலாலம்பூரில் தொழிலை நடத்தினார். அதிகாரப் பத்திரம் பெற்ற அம்முகவரைத் தலைப்பு ‘அட்டர்னி’ எனக் குறிக்கும். இதனை வழக்கறிஞர் என மொழிபெயர்ப்பது பிழை. அவர் நீதிமன்றத்தில் வாதாடியவர் அல்லர். முதலாளியின் இடத்தில் நின்று செயற்பட்டவர். இவ்வாறே ‘பென்தாட்பிர்’ எனப் பெயருக்குப் பின்வரும் சொல், அவர் தமக்காக அன்றி இறந்தவரின் சொத்து நிருவாகியாக வழக்காடுவதை உணர்த்தும். பெயரை அடுத்து அடைப்புக்குள் வரும் இத்தகுதிக் குறிப்பைப் படியாமல் விட்டால், சொத்து யாருடையது என்பதே மாறிவிடும்.

‘மற்றொருவர்’, ‘பிறர்’

தரப்பினர் பலராயின், சட்ட அறிக்கைகள் முதற்பெயரை மட்டும் நிறுத்தி எஞ்சியோரை ‘மற்றொருவர்’, ‘பிறர்’ எனச் சுருக்கும். ‘ஆர். இராமச்சந்திரன் எதிர் மலேசியத் தொழில் நீதிமன்றமும் மற்றொருவரும்’ என 1997இல் அறிக்கையிடப்பட்ட கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு, தொழிலாளர் வழக்குகளில் நீதிமுறை மறுஆய்வின் எல்லையை விரித்த முதன்மைத் தீர்ப்பாகும். தலைப்பை மட்டும் பார்த்தால் ஒரு தொழிலாளர் நீதிமன்றத்தோடு பகைத்ததாகத் தோன்றும். மறுஆய்வு என்பது தொழில் நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்துச் செய்யப்படுவதாதலால் அதன் பெயர் முன்வந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனமோ ‘மற்றொருவர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

பலர் கூடி வழக்காடிய இடங்களில் இச்சுருக்கம் வரலாற்றுக்கு இழப்பாகிறது. தோட்டத் தொழிலாளர் பலர் சேர்ந்து தொடுத்த வழக்கு முதலாமவர் பெயரால் மட்டுமே அறியப்படும். ஏனையோர் பெயர்களும் தந்தையர் பெயர்களும் நீதிமன்றக் கோப்பிலுள்ள முழுத் தலைப்பில் அல்லது அதனோடிணைந்த பட்டியலில்தான் இருக்கும். அச்சிட்ட தீர்ப்போடு நின்றுவிடுபவர் அவர்களைக் காணமாட்டார்.

இரு பெயர் கொண்டோர்

அண்மைக்கால வழக்குகளில் தலைப்பே வழக்கின் மையச் சிக்கலைக் காட்டிவிடுவதும் உண்டு. 1997ஆம் ஆண்டு மலேசிய எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற எம். மூர்த்தி 2005 டிசம்பர் 20ஆம் நாள் காலமானார். அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தாரா என்பது குறித்து எழுந்த பிணக்கில், ஷரியா நீதிமன்ற ஆணையை மறுஆய்வு செய்யத் தனக்கு அதிகாரமில்லை எனக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் டிசம்பர் 28ஆம் நாள் முடிவுசெய்தது. மலாய்மொழியில் வெளிவந்த அத்தீர்ப்பின் தலைப்பில் மனைவி காளியம்மாள், சின்னசாமியின் மகள் எனத் தந்தை பெயரோடு நிற்கிறார். எதிரே கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியச் சமயத் துறை இயக்குநரும் பிறரும். எவருடைய அடையாளம் குறித்து வழக்கு நடந்ததோ அவர் பெயர் அறிக்கைத் தலைப்பில் இல்லை.

ஈப்போவில் தொடங்கிய இந்திராகாந்தி வழக்கின் மேல்முறையீட்டு நிலைத் தலைப்பொன்றில், கணவர் ‘பத்மநாதன் ஏ/எல் கிருஷ்ணன்’ எனவும், ‘முகமது ரிட்சுவான் பின் அப்துல்லா எனவும் அறியப்படுபவர்’ எனவும் இரு பெயரால் குறிக்கப்படுகிறார். ‘ஏ/எல்’ தந்தையாகக் கிருஷ்ணனைக் காட்ட, மதம் மாறியோர் பலரும் ஏற்கும் ‘பின் அப்துல்லா’ என்னும் தொடர் அதனருகிலேயே நிற்கிறது. பிள்ளைகளின் மதமாற்றத்திற்குத் தாய், தந்தை இருவரின் இசைவும் வேண்டும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. இத்தகைய தலைப்பை எடுத்தெழுதுவோர் இரு பெயர்களில் ஒன்றைத் தம் விருப்பப்படி விடுதல் தகாது. அது வழக்கில் ஒரு பக்கம் சாய்வதாகிவிடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஆய்வாளரும் தமிழாசிரியரும் பின்பற்றத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. தலைப்பை உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும். பெயரின் எழுத்துவடிவைத் திருத்தலாகாது. தமிழ் வடிவத்தைத் தனியே, ஊகம் என்ற குறிப்புடன் எழுதுதல் வேண்டும். நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கின் படிநிலையையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பின்னரே யார் தொடுத்தவர் என்பதைக் கூறுதல் வேண்டும். விலாசத்தைத் தமிழ் எழுத்தாக மீட்டுப் படித்தல் வேண்டும். ‘பிறர்’ என்ற சொல்லைக் கண்டால் மூலக் கோப்பைத் தேடுதல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்குக் கல்வெட்டும் ஓலையும் படிக்கக் கற்பிக்கிறோம். தம் பாட்டன், பாட்டி பெயர் பொறித்த நீதிமன்றத் தாளைப் படிக்க அவர்களுக்குக் கற்பிப்பதில்லை. வீட்டிலுள்ள பழைய ஆவணமொன்றின் தலைப்பைப் படியெடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் விளக்கி எழுதுமாறு ஒரு பயிற்சி அளித்தால் போதும். பெயரியல், எழுத்துப்பெயர்ப்பு, குடும்ப வரலாறு ஆகிய மூன்றும் அப்பயிற்சியில் அடங்கும். தாள்கள் மட்குவதற்கும், அவற்றிலுள்ள பெயர்களை நேரில் அறிந்த முதியோர் மறைவதற்கும் முன்னர் இப்பணி தொடங்கப்பெறுதல் நன்று.